கூச்சல் இல்லாத காட்சி

படம் எடுக்க வீடு தருவீர்களா என்று கேட்டு வந்தவள் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். முப்பது வயது இருக்கும். சட்டம் படிக்க லண்டனுக்கு வந்து, படித்ததை ஒரு பக்கம் வைத்துவிட்டு, படக் கம்பனிகளுக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் வேலைக்குப் போனவளாம். வாசலில் நின்று ஆங்கிலத்தில்தான் தொடங்கினாள். எனக்குப் பின்னால் சுவரில் தொங்கிய முருகன் கலண்டரைக் கண்டதும் தமிழுக்கு மாறினாள்.

“அக்கா, இந்த ரோட்டுலயே உங்க வீடுதான் அந்தக் காலத்து மாதிரி இருக்கு. படிக்கட்டு, தரை எல்லாம் மாத்தாம வெச்சிருக்கீங்க.”

மாற்ற வேண்டும் என்று நான் எத்தனையோ தரம் கேட்டும் என் கணவர் அசையவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. மனோர் பார்க்கில் எங்கள் தெரு முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள். மற்றவர்கள் சுவரை இடித்து, கூரையை உயர்த்தி, தரைக்குப் பலகை போட்டுவிட்டார்கள். நாங்கள் மாற்றியது வாசற்கதவை மட்டும்தான். முன்பிருந்த மரக்கதவை எடுத்துவிட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் கதவு போட்டிருந்தோம்.

கதையை அவள் இரண்டு வசனத்தில் சொன்னாள். எண்பதுகளில் இப்படியொரு தெருவுக்கு ஓர் ஆசியக் குடும்பம் குடிவருகிறது. அவர்களை விரட்டுவதற்கு வெள்ளை இளைஞர் கூட்டம் ஒன்று கிளம்புகிறது, கடைசியில் தெருவே பற்றி எரிகிறது.

இவர் வேலையால் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“குடுப்பம். பிள்ளையள் தெரிஞ்சுகொள்ளட்டும். அதெல்லாம் முடிஞ்ச கதைதானே.”

“முடிஞ்ச கதையெண்டால் இப்ப ஏன் எடுக்கினம்?”

“முடிஞ்சபடியால்தான் எடுக்கினம்,” என்றார்.

அக்டோபர் மாதத்தில் அவர்கள் வந்து இறங்கினார்கள். முதல் மூன்று நாளும் கமரா வரவில்லை. தெருவை எண்பதுகளுக்குப் பின்னோக்கித் தள்ளும் ஆட்கள் மட்டும் வந்தார்கள். சட்டலைட் தட்டுகளைக் கழற்றினார்கள். எங்கள் கார்களை அடுத்த தெருவுக்கு எடுக்கச் சொல்லிவிட்டு, நான் மறந்தே போயிருந்த சதுர மூக்குக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எங்கள் பிளாஸ்டிக் கதவைக் கழற்றி மரக்கதவு ஒன்றை மாட்டினார்கள். இந்த ஊரில் கடிதம் போடும் துளையைக் கதவிலேயே வெட்டியிருப்பார்கள். புதிய கதவுகளில் அது இடுப்பளவில் இருக்கும். இந்தக் கதவில் முழங்காலுக்குச் சற்று மேலே, பித்தளை மூடியோடு இருந்தது. கதவின் நிறம் கடும் பச்சை.

எங்கள் பழைய கதவும் கடும் பச்சைதான். அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“அந்தக் காலத்தில் இந்தப் பகுதியில் பாதிக் கதவுகள் இந்த நிறம்தான்,” என்றார் கதவை மாட்டிய ஆங்கிலேயர்.

இரண்டாம் நாள் நான் கொத்தமல்லி வாங்கப் போய்விட்டுத் திரும்பினேன். தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்தது. வரிசையின் முனையில் இருக்கும் எங்கள் வீட்டுப் பக்கச் சுவரில், ஆளுயர வெள்ளை எழுத்துகளில், ஆசியர்களை இழிவாக அழைக்கும் அந்தச் சொல். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. தண்ணீரில் கழுவினால் போய்விடும் சாயம் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். எழுதப்போகிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் கால் நின்றுவிட்டது. கையில் பை, பைக்குள் கொத்தமல்லி, முன்னால் அந்தச் சொல். இருபத்திமூன்று வயதில் இதே இடத்தில் இதே மாதிரி நின்றேனோ, இல்லை எங்கேயோ படத்தில் பார்த்ததுதான் நினைவாகிவிட்டதோ என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு சோமாலியப் பெண் எனக்குப் பக்கத்தில் நின்றாள். சுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மெல்லிய குரலில் வருத்தம் தெரிவித்தாள்.

“படத்துக்கு எழுதியிருக்கிறார்கள்,” என்றேன்.

அவள் தலையாட்டினாள். நம்பவில்லை. வெட்கத்தில் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். படப்பிடிப்பு நடக்கிறது என்று எழுதிய பலகை காற்றில் முகம்குப்புற விழுந்து கிடந்ததை நான் பிறகுதான் கண்டேன்.

எதிர்வீட்டில் ஓர் ஆங்கிலேய அம்மா இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், தனியாள். நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர். முப்பது வருடத்துக்கு மேலாகக் கையசைப்போம், மழையைப் பற்றிப் பேசுவோம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த மூன்று நாளும் அவர் தன் ஜன்னல் திரைச்சீலையை விலக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலையே பார்த்தபடி இருந்தார்.

மூன்றாம் நாள் உள்ளே வேலை செய்தார்கள். மாலையில் நான் கீழே இறங்கி வந்தபோது வாசற்கதவின் உட்புறத்தில், அந்தத் துளைக்கு நேர் கீழே, நனைத்த சாக்கு ஒன்று விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு தகர வாளி. அதில் விளிம்புவரை தண்ணீர்.

படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கதவு மாட்டிய அதே மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். “மன்னிக்க வேண்டும். வழியில் இருக்கிறதா? எடுத்துவிடட்டுமா?”

“இதை வைக்கச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?”

“எல்லாரும்,” என்றார். “இந்தப் பகுதியில் அப்போது இருந்த பல வீட்டாரிடம் கேட்டோம். வங்காளிகள், பஞ்சாபிகள், கரீபியன்காரர். எல்லார் வீட்டிலும் வாளி இருந்திருக்கிறது.”

அந்த வாளி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது என்று நான் நினைத்திருந்தேன். என் கணவர் கண்டுபிடித்த யோசனை என்று நினைத்திருந்தேன். யாராவது வந்தால் அதைக் குசினிக்குள் அடுப்புப் பக்கமாக ஒளித்துவிடுவேன், பயந்தவர்கள் என்று நினைத்துவிடுவார்கள் என்று. இந்தத் தெருவில் இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் அப்படி ஒளித்தார்களோ.

நடந்ததைச் சொல்கிறேன்.

நான் லண்டனுக்கு வந்து இரண்டாம் வருடம். மகள் வயிற்றில் ஐந்து மாதம். இவர் பாண் சுடும் பக்டரியில் பின்னேர ஷிப்ட். ஒரு மணிக்குப் போனால் இரவு பதினொன்றுக்குத்தான் வருவார். ஒருநாள் பின்னேரம் மூன்று மணியளவில் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. ஓடி வரும் காலடி இல்லை. நிதானமானது. எங்கள் வாசலில் நின்றது. பித்தளை மூடி உள்ளே மெதுவாகத் தள்ளப்பட்டது. தபால்காரர் என்று நினைத்து நடைவழிக்கு வந்தேன். பழுப்புத் தோல் கையுறை போட்ட இரண்டு விரல்கள் மூடியை உயர்த்திப் பிடித்திருந்தன. பிறகு எரிந்துகொண்டிருந்த ஒரு நெருப்புக்குச்சி உள்ளே விழுந்தது. தரை ஓட்டில் விழுந்து, ஒருமுறை துடித்து, தானாகவே அணைந்தது. மூடி சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. காலடி போய்விட்டது.

அடுத்த நாளும் மூன்று மணி. அடுத்த நாளும்.

ஒரு நாளைக்கு ஒரு குச்சி. ஒரு வார்த்தை இல்லை. சிரிப்பு இல்லை, கதவைத் தட்டல் இல்லை. பொலிசுக்குச் சொன்னோம். ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார். அதன் பிறகுதான் இவர் சாக்கும் வாளியும் வைத்தார். வேலையை விடவும் ஏலாமல், என்னை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லாமல், காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் அரைமணி நேரம் நிற்பார்.

நான் தினமும் இரண்டரைக்கே படிக்கட்டில் போய் உட்காருவேன். ஆறாவது படி. அதற்கு முன்னால் கம்பியில் எங்கள் மழைக் கோட்டுகள் தொங்கும். அவற்றின் பின்னால் இருந்தால் வாசலில் இருப்பவனுக்கு என்னைத் தெரியாது, ஆனால் நெருப்புப் பிடித்தால் ஓடிப்போய் வாளியை ஊற்றலாம் என்பது என் கணக்கு. மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு இருப்பேன். மூடி உயரும். குச்சி விழும். சில நாட்களில் குச்சி விழுந்த பிறகும் மூடி சாத்தப்படாமல் அப்படியே நிற்கும். எதற்கென்று எனக்கு விளங்கியதில்லை.

இருபத்தொரு நாள், மூன்று கிழமை, அப்படிப் போனது. பிறகு இவர் உட்புறத்தில் பலகை வைத்து ஆணி அடித்தார். அதற்குப் பிறகும் நான்கு நாள் காலடி வந்தது, மூடி ஒருமுறை பலகையில் இடிபட்டது, காலடி போனது. ஐந்தாம் நாள் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை. வந்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. மகளுக்கு இதை நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

நான்காம் நாள் கமரா வந்தது. இயக்குநர் இங்கே பிறந்த ஒரு பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். நல்ல மாதிரி. வீட்டுக்காரி என்று எனக்கு ஒரு நாற்காலி போட்டுத் தந்தாள். தலையை மழித்த முப்பது பேர் எங்கள் தெருவில் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். சீனியில் செய்த பொய்க் கண்ணாடி சிதறியது. கூட்டத்துக்குத் தலைவனாக நடித்த பையன் கழுத்தில் பச்சை குத்தியது போல வரைந்திருந்தார்கள். அவன் முகத்தில் தெரிந்த வெறியைக் கண்டு நான் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினேன். “கட்” என்றதும் அவன் என்னிடம் வந்து, தண்ணீர் குடிக்கலாமா, சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டான். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

இடைவேளையில் இயக்குநர் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். “நீங்கள் அப்போதே இங்கே இருந்தீர்கள் என்று சொன்னார்கள். இப்படித்தான் இருந்ததா?”

“இல்லை,” என்றேன். “இவ்வளவு சத்தம் இல்லை.”

மகளுக்கே சொல்லாததை அவளிடம் ஏன் சொன்னேன் என்று தெரியாது. அந்தப் பச்சைக் கதவைப் பார்த்துக்கொண்டே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் குறுக்கே பேசவில்லை.

“அது யாரென்று தெரியவே இல்லையா?”

“தெரியாது.”

“படத்தில் அது கஷ்டம்,” என்றாள். “பார்ப்பவர்களுக்கு யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்று காட்ட வேண்டும்.”

“எங்களுக்கு அது தெரியாததுதான் பயம்.”

அவள் எழுந்து போய்க் கமராக்காரரோடு பேசினாள். ஒரு மணி நேரத்தில் கமராவை வீட்டுக்குள் கொண்டுவந்து படிக்கட்டுக்குக் கீழே வைத்தார்கள். கம்பியில் கோட்டுகளைத் தொங்கவிட்டார்கள். படத்தில் அந்தக் குடும்பத்தின் மருமகளாக நடித்த பெண்ணை நான் சொன்ன படியில் உட்காரவைத்தார்கள். நெருப்புக்குப் பொறுப்பானவர் அணைகருவியோடு குசினி வாசலில் நின்றார். பச்சை குத்திய பையனுக்குக் கையுறை கொடுத்து வெளியே நிறுத்தினார்கள். அவன் மூடியைத் தள்ளிய வேகத்தில் கதவு அதிர்ந்தது. மறுபடியும் செய்யச் சொன்னார்கள். மறுபடியும் அதே வேகம். அவனுக்குக் கோபம் இல்லாமல் அதைச் செய்ய வரவில்லை.

“மெதுவாக,” என்றேன் நான். “கடிதம் போடுகிறது போல.”

ஏழெட்டுத் தரத்துக்குப் பிறகு இயக்குநர் என்னிடம் வந்தாள். “நீங்கள் ஒருதரம் செய்து காட்ட முடியுமா?”

கையுறையை மாட்டினேன். மலேசியப் பெண் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். “பயமா இருந்தா வேணாம் அக்கா,” என்றாள். பயம் இல்லை என்று சொல்லிவிட்டுக் குனிந்தேன்.

மூடி மிக இலேசாக இருந்தது. இரண்டு விரல் போதும். பலம் ஒன்றும் தேவையில்லை, மனம் கூடத் தேவையில்லை போல இருந்தது. உயர்த்திப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன்.

துளை முழங்காலளவில் இருந்ததால் பார்வை கீழிருந்து மேலே போனது. கோட்டுகள் எதையும் மறைக்கவில்லை. அவற்றின் விளிம்புக்குக் கீழே, ஆறாவது படியில், அந்தப் பெண்ணின் பாதங்கள், முழங்கால், வயிற்றைப் பிடித்திருந்த கை, முகம், எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. நல்ல வெளிச்சம் வேறு. அவள் நேரே என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

அந்த மூன்று கிழமையும் குச்சி போட்டவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். குச்சி விழுந்த பிறகும் மூடி ஏன் உயர்ந்தே நின்றது என்று அப்போதுதான் விளங்கியது.

யாரோ பற்றவைத்துத் தந்த குச்சியை உள்ளே போட்டேன். படியில் இருந்த பெண் மூச்சை அடக்கியதை என் கண்ணால் கண்டேன். அது நடிப்பென்று எனக்குத் தெரியும். என்னைக் கண்டு ஒருவர் அப்படி நடுங்கியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மூடியைச் சாத்த மறந்து அப்படியே நின்றேன்.

“கட்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு இயக்குநர் கதவைத் திறந்தாள். “எடுத்துவிட்டோம்,” என்றாள். “இதையே வைத்துக்கொள்ளலாமா? கை மட்டும்தான் தெரியும்.”

ஓம் என்று தலையாட்டினேன். தமிழில் சொன்னேன் என்பதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது.

அன்றிரவே அவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் எதிர்வீட்டு அம்மா தடியை ஊன்றிக்கொண்டு வீதியைக் கடந்து வந்தார். எங்கள் வீட்டுக்குள் அவர் வந்தது அதுதான் முதல்தரம்.

“நேற்று நீ வாசலில் குனிந்து நின்றதைப் பார்த்தேன்,” என்றார். “முன்பு ஒருவர் அப்படி நிற்பார். நீங்கள் வந்த புதிதில்.”

என் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

“பார்த்தீர்களா?”

“தினமும். எனக்கு அப்போது பின்னேர வேலை இல்லை. நல்ல கோட்டு, தொப்பி. பஸ்ஸில் வந்து இறங்குவார். வீடு வீடாக வந்து காப்புறுதிக் காசு சேர்ப்பவர் என்று நினைத்தேன். திரும்பிப் போகும்போது என்னைக் கண்டால் தொப்பியை உயர்த்துவார்.”

“நெருப்புக்குச்சி?”

“காற்று அடிக்கிறது, சிகரெட் பற்றவைக்கக் குனிகிறார் என்று நினைத்தேன்.” தடியை நாற்காலியில் சாய்த்து வைத்தார். “முதல் இரண்டு நாளும் அப்படி நினைத்தேன்.”

மூன்றாம் நாளிலிருந்து என்ன நினைத்தார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதை இவரிடம் சொன்னபோது எழுந்து போய் ஜன்னலால் எதிர்வீட்டைப் பார்த்தார். “தொப்பியை உயர்த்துவாராமோ,” என்று மட்டும் கேட்டார்.

ஒரு வருடத்துக்குப் பிறகு படம் வந்தது. கம்பனி அனுப்பிய டிக்கெட்டில் நாங்களும் ஹரோவிலிருந்து மகளும் போனோம். படத்தில் எங்கள் தெரு நிஜத்தைவிட நீளமாக இருந்தது, வானம் நிஜத்தைவிட இருட்டாக. அந்தக் காட்சி வந்தது. பச்சைக் கதவு, மூடி, கையுறை போட்ட இரண்டு விரல். என் விரல்கள். பின்னால் வயலின் இசை மெல்ல ஏறியது. குச்சி விழுந்தது. அடுத்த கணம் கமரா வெளியே போய், குனிந்து நின்றவரின் முகத்தைக் காட்டியது. மழித்த தலை, கழுத்தில் குத்திய பச்சை, பல்லைக் கடித்த சிரிப்பு. என் கைக்கு அந்தப் பையனின் முகத்தைப் பொருத்தியிருந்தார்கள்.

சுற்றியிருந்தவர்கள் மூச்சு விட்டதைக் கேட்டேன். இவன்தான் என்று தெரிந்துவிட்டது, இனிப் பயமில்லை. கடைசியில் அவனைப் பிடித்தார்கள். அரங்கில் சிலர் கைதட்டினார்கள். எனக்கு இரண்டு ஆசனம் தள்ளியிருந்த வயதான மனிதர் ஒருவர், நல்ல கோட்டு, விளக்கு எரிந்ததும் தன் மனைவியிடம் சொன்னார்: “எப்படிப்பட்ட மிருகங்கள் அப்போது இருந்திருக்கின்றன.” அவர் நல்லவராகவும் இருக்கலாம். அவர் வெளியேறும்வரை நான் எழும்பவில்லை.

எங்களோடு எலிசபெத் லைன் ரயிலில் வீடு திரும்பும்போது மகள் கேட்டாள், “அம்மா, அந்த மாட்ச்ஸ்டிக் ஸீன், அது ரியலா நடக்குமா?”

இவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அவள் பிறப்பதற்கு முன் அவளும் அந்தப் படியில் இருந்தாள் என்று சொன்னேன். பெட்டியில் ஆட்கள் நின்றார்கள், மெல்லிய குரலில்தான் சொன்னேன். அவள் அழவில்லை. “ஏனம்மா எனக்கு ஒண்டும் சொல்லேல்ல,” என்று ஒருமுறை கேட்டாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஹரோவுக்கே வந்து தங்களோடு இருக்கும்படி அடுத்த கிழமை டெலிபோனில் கேட்டாள். வரமாட்டோம் என்று இவர் சொல்லிவிட்டார். எனக்கும் போக மனமில்லை.

எதிர்வீட்டு அம்மா இப்போது கிழமைக்கு இரண்டு தரம் வருகிறார். முழங்கால் ஏலாத நாட்களில் நான் போவேன். சென்ற மாதம் ஒருநாள், பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே கேட்டார்.

“நீ ஏன் வீதியைக் கடந்து வந்து என் கதவைத் தட்டவில்லை?”

“நீங்களும் வரவில்லையே,” என்றேன்.

அவர் யோசித்தார். “அந்த வீட்டில் பகலில் யாரும் இல்லை என்றுதான் நினைத்தேன்,” என்றார். “ஒரு சத்தமும் இல்லாமல் இருந்ததே.”

நான் அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினேன். இவர் மேலே குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தத்தை இருவரும் கேட்டுக்கொண்டு இருந்தோம்.